திருப்பிப் போட்ட படம்

மஹாலட்சுமிக்கு முதலில் சந்தேகம் வந்தது அந்தப் புகையின் மேல்தான். வியாழக்கிழமை காலை. டிவி கூடம் அதிர அலறிக்கொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி, மடியில் பலகையை வைத்து, கட்டம் போட்ட தாளில் ஓர் அன்னத்தின் வாலைக் கட்டம் கட்டமாக அடைத்துக்கொண்டிருந்தாள். எதிரி நாட்டுத் துறைமுகம் ஒன்று எரிகிறது என்றார்கள். நிமிர்ந்து பார்த்தாள். கரும்புகை இடப்பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. அதன் அடியில் மூன்று விளக்குக் கம்பங்கள். நடுக்கம்பம் மட்டும் தலை சாய்ந்து நின்றது. அரை மணி கழித்து வேறோர் ஊரில் விமான தளம் எரிந்தது. இந்தப் புகை வலப்பக்கமாகச் சாய்ந்தது. கம்பங்கள் அதே மூன்று. நடுக்கம்பத்தின் தலை இப்போது எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது.

"ஏங்க, இது மொதல்ல காட்டுன படம்தான். திருப்பிப் போட்டுக்கினு இருக்கறாங்க."

உமாபதி திரும்பவில்லை. எல்லையில் சண்டை தொடங்கியது புதன்கிழமை. அன்றிலிருந்து அவர் தறியில் ஏறவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் டிவி முன்னாலேயே கொண்டுவரச் சொல்லிவிட்டார். "சும்மா இரு. ஒனக்கு எல்லாத்துலயும் நொட்ட" என்றார்.

இந்த விஷயத்தில் அவள் கண்ணுக்குத் தப்பு வராது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தறிகாரர்களுக்கு டிசைன் வரைந்து, அதன்படி தறியில் மாட்டுகிற அட்டையில் ஓட்டை அடித்துக் கொடுப்பது அவளுக்கு இருபத்திரண்டு வருஷத் தொழில். சேலை முந்தியில் முகத்தோடு முகம் பார்த்து நிற்கிற இரண்டு அன்னங்களில் அவள் வரைவது ஒன்றைத்தான். மற்றது அதையே திருப்பிப் போட்டது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் இரண்டு பறவை என்று நினைப்பார்கள். அவளுக்கு அது ஒரே பறவை. ஓர் ஓட்டை இடம் மாறினால் பறவைக்கு மூக்கு கோணிக்கொள்ளும், அடுத்த நாளே தறிகாரர் சண்டைக்கு வந்து நிற்பார். அதனால் எதைப் பார்த்தாலும் எது அசல், எது அதன் மறுபாதி என்று கண் தானாகவே தேடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு டிவி பார்ப்பது பெரிய தொல்லைதான்.

மகன் தினேஷ் பட்டாளத்தில் சேர்ந்து ஐந்து வருஷம். இப்போது ஜம்மு பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் செய்து, அவசர அவசரமாகப் பேசினான். போனை எல்லாம் வாங்கி வைத்துவிடப் போகிறார்கள், பேச முடியாது, பயப்பட வேண்டாம் என்றான். நான் எங்கே இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், டிவி பார்க்காதீர்கள் என்றும் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவன் கேட்டது இரண்டே இரண்டு. அப்பாக்காரர் ஒன்றைப் புதன்கிழமையே மீறிவிட்டார். மற்றதை மீற வைக்க வியாழக்கிழமை மத்தியானம் யேசுதாஸ் வந்து சேர்ந்தான்.

யேசுதாஸை ஊருக்கே தெரியும். ஒரு சென்னை சேனலுக்கு உள்ளூர் நிருபர். சேதிக்கு இவ்வளவு என்று கூலி. அவனுடைய அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். இவன் ஷேர் ஆட்டோ ஓட்டினான், இன்சூரன்ஸ் பிடித்தான், கடைசியில் கையில் மைக் வந்தது. கருட சேவைக் கூட்டமானாலும் லாரி கவிழ்ந்தாலும் முதலில் வந்து நிற்பது அவன்தான். நல்ல மாதிரியாகப் பேசுவான். அவன் நல்ல மாதிரியாகப் பேசினாலே, எதைக் கேட்டு வந்திருக்கிறானோ என்று மஹாலட்சுமி உஷாராகிவிடுவாள்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்த பேசுங்கக்கா. மிலிட்டரிக்காரன் அம்மா இன்னா சொல்றாங்கன்னு தமிழ்நாடே கேக்குது."

"எந்தத் தமிழ்நாடு? எங்கிட்ட யாரும் வந்து கேக்கல."

"சென்னை ஆபீஸ் டெஸ்க்ல கேக்கறாங்கக்கா. ஜில்லாவுக்கு ஒரு வூடு காட்டணுமாம்."

"என் புள்ள பேச வாணாம்னு சொல்லியிருக்கான். நான் பேசல." எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

உமாபதி பேசினார். மே மாதத்து வெக்கையில் யாரும் சட்டை போட்டுக்கொண்டு நெய்ய மாட்டார்கள். யேசுதாஸ் சொன்னான் என்று சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தறியில் ஏறி உட்கார்ந்தார். முப்பது வருஷமாகக் கூலியையும் பாவு நூலையும் தவிர அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது ஓர் ஆள் எதிரே உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டு, மேலே சொல்லுங்கண்ணே, மேலே சொல்லுங்கண்ணே என்கிறான். மனுஷன் மடை திறந்துவிட்டார். முகாம் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னார். ஏழு வயதில் தினேஷ் தறிக்குழியில் விழுந்து இடது புருவத்தில் மூன்று தையல் போட்டதைச் சொன்னார். வீட்டில் அவனைப் பூசணி என்று கூப்பிடுவதை, மொச்சைக்கொட்டைக் குழம்பென்றால் உயிரை விடுவதை, எட்டு வயதுவரை பாயை நனைத்ததைக்கூடச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மஹாலட்சுமிக்கு, பிள்ளையைச் சட்டையைக் கழற்றி ராஜ வீதியில் நிறுத்தியது போல இருந்தது.

கடைசியில் யேசுதாஸ் கேட்டான்: "அண்ணே, ஒரு புள்ளய நாட்டுக்குக் குடுத்துட்டீங்க. இன்னொரு புள்ள இருந்தா அவனயும் அனுப்புவீங்களா?"

உமாபதி தலையாட்டினார். அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை. அது ஆமாம் என்ற ஆட்டமா, கேள்வி காதில் விழுந்தது என்ற ஆட்டமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. யேசுதாஸ் போகும்போது சுவரில் மாட்டியிருந்த படத்தையும் எடுத்துக்கொண்டு போனான். தினேஷின் பயிற்சி முடிந்த அன்று, சீருடையில் அவனும் பக்கத்தில் மஹாலட்சுமியும் நின்று எடுத்த படம்.

சாயங்காலம் ஆறரைக்கு அந்தப் படம் டிவியில் வந்தது. மகனை ஓரமாகச் சின்னதாக்கிவிட்டு, அவள் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கியிருந்தார்கள். பின்னால் தீ எரிந்தது, முரசு அடித்தது. கீழே தங்க நிறத்தில் எழுத்து: 'இன்னொரு மகன் இருந்தால் அவனையும் அனுப்புவேன் – காஞ்சிபுரத்து வீரத்தாயின் முழக்கம்!'

மஹாலட்சுமி வாழ்க்கையில் முழங்கியதென்றால், காலியாகாத சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்த கேஸ்காரப் பையனிடம் ஒரு தடவைதான். "யாரு சொன்னா இத? நான் சொன்னனா?" என்று எழுந்து நின்றாள். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த நாத்தனார் இந்திராணிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இருக்கட்டும் அண்ணி, பெருமதானே. நம்ம தெருவயே தூக்கிப்புட்டீங்க" என்றாள். தெரு திரண்டு வந்துவிட்டது. ஒரு கட்சிக்காரர் சால்வையோடு வந்தார். அது உமாபதிக்கா மஹாலட்சுமிக்கா என்று கொஞ்ச நேரம் குழம்பி, கடைசியில் இருவர் கையிலும் பாதிப்பாதியாகக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

யேசுதாஸுக்குப் போன் போட்டாள். "டெஸ்க்ல போட்டுட்டாங்கக்கா. நான் இன்னா செய்ய? அண்ணன் தல ஆட்டுனாரே" என்றான்.

"ஆட்டுனது அவரு தல. போட்டது என் மூஞ்சி."

"அம்மா சொன்னாதான் ஜனங்க கிட்ட எடுபடுதுக்கா" என்றான். அதில் பொய் இல்லை. அந்தப் பேச்சு முழுவதிலும் அவளுக்கு உண்மையாகப் பட்டது அது ஒன்றுதான். போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முகாம் எரிந்தது. உமாபதி டிவியில் சொன்னாரே, அதே ஊர், அதே முகாம். 'பலத்த சேதம், பலர் கதி என்ன?' என்று சிவப்பில் ஓடியது. உமாபதி சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். இந்திராணி மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ பூசணி, எங்கண்ணு" என்று அலறினாள். நேற்று வாழ்த்த வந்த தெரு இன்று அழ வந்தது. மஹாலட்சுமி மட்டும் எழுந்து டிவியிடம் போனாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். தீயை வெட்டிக் கிட்டத்தில் காட்டியிருந்தார்கள். சிவப்பை ஏற்றியிருந்தார்கள். ஆனால் ஓரத்தில், வெட்ட மறந்த இடத்தில், சாய்ந்த கம்பத்தின் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அழாதீங்க. இது நேத்து எரிஞ்ச துறைமுகம். முந்தாநாளே எரிஞ்சுதோ என்னமோ. நம்ம புள்ள இருக்கற எடம் இது இல்ல."

ஒருத்தரும் நம்பவில்லை. பாவம், பெற்ற வயிறு, புத்தி கலங்கிவிட்டது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதுபடத்தான். அவர்களுக்குக் காட்டுவதற்காகவே பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பென்சிலைப் பிடித்தாள். படம் பொய். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படம் பொய்யென்பதால் சேதியும் பொய்யாகிவிடுமா? நிஜமாக எரிந்த இடத்தைப் படம் பிடிக்க ஆளில்லாமல் பழைய தீயை எடுத்துப் போட்டிருந்தால்? இதை யாரிடம் கேட்பது? பட்டாளத்துக் குடும்பங்களுக்கென்று கொடுத்திருந்த உதவி எண்ணை உமாபதி அறுபது தடவை அழுத்தினார். லைன் பிஸி. அன்று அவள் ஒரு கட்டம்கூட அடைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சண்டை நின்றுவிட்டது என்று சொன்னார்கள். நான்கு நாளாக அடி, உடை, விடாதே என்று மேஜையைக் குத்திக்கொண்டிருந்த அதே ஆள், கோட்டை மட்டும் மாற்றிக்கொண்டு, 'அமைதி நிலைக்குமா?' என்று நான்கு பேரை உட்காரவைத்துக் கேட்டான். அவனுக்குப் பின்னால் அதே தீ எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. துக்கத்துக்கு வந்திருந்தவர்களுக்கு எழுந்து போவதா, இருப்பதா என்று புரியவில்லை. இந்திராணி கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். மஹாலட்சுமி கும்பிடவில்லை. சண்டை நடந்ததாகச் சொன்னவனும் இவன்தான், நின்றதாகச் சொல்கிறவனும் இவன்தான். முன்னதில் பாதி பொய் என்றால் பின்னதில் எவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை காலை, தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து உமாபதியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ஒன்பது நொடி. தினேஷ். தாடி முளைத்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. "அம்மா, அப்பா, நல்லா இருக்கறேன். என் போன் இன்னும் தர்ல. அப்பறமா பேசறேன். பயப்படாதீங்க." அவ்வளவுதான். உமாபதி போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதார். இந்திராணி சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

மஹாலட்சுமி போனை வாங்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். நான்காவது தடவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினாள். தையல் போட்ட தழும்பு வலது புருவத்தில் இருந்தது.

"இது திருப்பிப் போட்டது" என்றாள்.

உமாபதிக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தழும்பைக் காட்டினாள். சட்டைப் பித்தான் பட்டி பெண்கள் ஜாக்கெட் மாதிரி எதிர்ப்பக்கம் மடிந்திருப்பதைக் காட்டினாள். அவர் முகம் கறுத்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. "பெத்த புள்ள மூஞ்சியப் பாத்து பொய்ப்படம்னு சொல்றியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

"டிவில முழங்குன தாய்தான் நான். போய் அவள கேளுங்க."

வழக்கைத் தீர்க்க யேசுதாஸையே கூப்பிட்டார்கள். மூன்று நாளாக அவனுக்கும் தூக்கமில்லை, கண் சிவந்திருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது செல்ஃபி. முன்பக்கத்துக் கேமரா. சில போன்ல கண்ணாடில பாக்கற மாதிரி எதிர்ப்பக்கமா ரெகார்டு ஆவும்" என்றான். தன் போனிலேயே தன்னைப் பிடித்துக் காட்டினான். இடப்பக்கம் இருந்த அவன் சட்டைப்பை படத்தில் வலப்பக்கம் போயிருந்தது. அவள் சட்டைப்பையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் சொல்வது சரிதான். சரியென்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் சொல்கிறவன் யேசுதாஸ் அல்லவா? அவன் கொடுத்து எதை வாங்கினாலும் திருப்பிப் பார்க்காமல் வாங்க அவளால் முடியவில்லை. போதாக்குறைக்கு அவனே ஆறுதல் சொல்வதாக நினைத்து, "இப்பல்லாம் கொரலக்கூட கம்ப்யூட்டர்ல செஞ்சுடறாங்க. ஆனா இது அப்டி இல்லக்கா, நான் கேரண்டி" என்று வாயை விட்டான்.

அதோடு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தினேஷ் போன் பண்ணட்டும். அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்பேன். பதில் சொன்னால் என் பிள்ளை.

என்ன கேட்பது? புருவத் தழும்பு எப்படி வந்தது? டிவியில் சொல்லியாயிற்று. வீட்டில் என்ன பெயர்? சொல்லியாயிற்று. பிடித்த குழம்பு, நனைந்த பாய் எல்லாம் சொல்லியாயிற்று. பிள்ளையை அடையாளம் காட்டக்கூடியது அத்தனையையும் உமாபதி ஏழு நிமிஷத்தில் ஊருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். சோறு வடிக்கும்போதும் துணி அலசும்போதும் அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். அவன் வயிற்றில் முதல் தடவை உதைத்த அன்று மழை. காய்ச்சலில் மூன்று நாள் அவள் விரலை விடாமல் பிடித்திருந்தான். அவளுக்கு மட்டும் தெரிந்தது நிறைய இருந்தது. அவனுக்கும் தெரிந்தது ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஐந்து நாளில் அவள் உட்கார்ந்து அழுதது அப்போதுதான்.

நாலரை மணிக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர்தான். யேசுதாஸ் போகாமல் வாசலிலேயே இருந்தான். பிள்ளை பேசும்போது ஒரு காட்சி எடுத்தால் போதும் என்று உமாபதியிடம் அனுமதி வாங்கியிருந்தான். எல்லோரையும் கையால் தடுத்துவிட்டு மஹாலட்சுமி போனைக் காதில் வைத்தாள்.

"ம்மா."

அவள் இன்னும் கேள்வி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, ஒண்ணு கேக்கணும் ஒன்ன." குரல் கம்மியிருந்தது. "நீ அப்டி சொன்னியா?"

"இன்னாது?"

"இன்னொரு புள்ள இருந்தா அவனயும் அனுப்புவேன்னு. சில பசங்க போன இன்னிக்கி காலைல குடுத்தாங்க. மொதல்ல வந்தது அதான். உங்கம்மா சூப்பர்டான்னு எல்லாம் கை குடுத்தாங்க. ஆபீசர் சாரும் கூப்ட்டு கை குடுத்தாரு." நிறுத்தினான். "நாலு நாளு பள்ளத்துல படுத்துக்கினு, அம்மா சாப்புடாம கெடக்கும், சாமிய கேட்டுக்கினு கெடக்கும்னு நெனச்சுக்கினு இருந்தேம்மா."

மூக்கால் ஒரு மூச்சு விட்டான். பிறகு சத்தமே இல்லை. அந்த மூச்சு போதும் அவளுக்கு. சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் கத்த மாட்டான். இப்படி ஒரு மூச்சு விட்டு வாயை மூடிக்கொள்வான். எந்தக் கம்ப்யூட்டரும் அம்மாவிடம் இப்படிக் கோபித்துக்கொள்ளாது. உயிரோடிருக்கிறான். தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லலடா. சாமி சத்தியமா நான் வாயே தொறக்கல."

"ஒன் படம் போட்டிருக்குதேம்மா."

"படம் என்னுது. பேச்சு என்னுது இல்ல. அவங்களா எழுதிக்கினாங்கடா."

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் அவசரப்படுத்தினார்கள். "சரிம்மா" என்றான் தினேஷ். அந்தச் சரி அவளுக்குத் தெரியும். கசக்காது, குடி என்று மருந்தை நீட்டினால் சொல்வானே, அந்தச் சரி. "ஒடம்ப பாத்துக்கோ. வேற ஆளு நிக்கறாரு, போன் குடுக்கணும்." வைத்துவிட்டான்.

திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. உமாபதி அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "இன்னா அண்ணி, இன்னா சொன்னான்? எப்ப வரான்?" என்று இந்திராணி தோளை உலுக்கினாள்.

"நல்லா இருக்கறான்" என்றாள் மஹாலட்சுமி. தெருவில் யாரோ கை தட்டினார்கள்.

யேசுதாஸ் மைக்கோடு கிட்டே வந்தான். "அக்கா, இப்பவாச்சும் ஒரு வார்த்த. சந்தோஷத்த சொல்லுங்கக்கா."

போய்விடு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மைக்கின் மேலிருந்த சேனல் பெயரைப் பார்த்தாள். போனில் நூறு தடவை சொன்னாலும் பிள்ளை சரிம்மா என்றுதான் சொல்லப் போகிறான். இதில் சொன்னால் அங்கே இருக்கிற பசங்கள் பார்ப்பார்கள். கை கொடுத்த சார் பார்ப்பார். அவனும் பார்ப்பான். பார்த்தால் நம்புவான். நம்புவானா? வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இதை நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் சொல்றத வெட்டாம போடுவியா?"

யேசுதாஸ் மைக்கின் வயரைச் சரிசெய்தான். "நான் அப்டியே அனுப்பறேங்கக்கா" என்றான்.

"போடுவியான்னு கேட்டேன்."

அவன் போனைத் தூக்கிப் பிடித்தான். சிவப்புப் புள்ளி ஒன்று மினுக்கியது, அதன் பக்கத்தில் நொடிகள் ஓடத் தொடங்கின. மஹாலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கேமராவ பாருங்கக்கா" என்றான் யேசுதாஸ். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. தினேஷ் எதிரில் வந்து நின்றால் அவன் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தைப் பார்த்தாள். யேசுதாஸ்தான் போனை ஒரு சாண் மேலே தூக்க வேண்டியிருந்தது.